ஏற்றத்தில் இருமாத வண்டி

பிப்ரவரி 4

மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படித்துவிடு. போனில் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் தபால். விலாசத்தை உன் அக்கா கொடுக்கவில்லை. தையல் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் நீ அவளுக்குப் போட்ட கடிதங்கள் இருக்கின்றன. அது எனக்குத் தெரியாது என்று அக்காவும் தம்பியும் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பதை நான் படிக்கவில்லை. உறையின் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். நம்பினால் நம்பு.

விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியாரம்மாவின் பழைய கார் இன்னும் மிஸ் அடிக்கிறது. ஆமாம், நீ கடைசியாகத் தொட்ட அதே வண்டிதான். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று இரண்டு இருமல், ஒரு உதறல். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். இந்த இரண்டு வருஷத்தில் நான்கு பிளக்கையும் மூன்று தடவை மாற்றிவிட்டேன். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பாயின்ட், கண்டன்சர் எல்லாம் புதுசு. கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்து மாட்டினேன். பெட்ரோல் டாங்க்கை இறக்கிக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் வாத்தியாரம்மா சிரித்த முகத்தோடு எடுத்துக்கொண்டு போவார், பத்து நாளில் அதே சிரித்த முகத்தோடு திரும்பி வருவார். மண்டை காய்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் அவர் தன் மகள் வீட்டோடு போய்விடுகிறார். எட்டு மணி நேர ஓட்டம், தானே ஓட்டிக்கொண்டு போவதாக இருக்கிறார். எழுபத்தொரு வயசு. வண்டி சரியாகாவிட்டால் உடைக்கக் கொடுத்துவிட்டு ரயிலில் போவாராம். போன வாரம் பட்டறைக்கு வந்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாக ஒன்று கேட்டார். "அன்னைக்கு அந்தத் தம்பி கைதான் கெடுத்துச்சுன்னு சொன்னீங்க. தம்பி போயே ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப யார் கை?"

டிங்கர் தகரம் தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

நீ பாயின்ட் வைத்துக் கொடுத்த மறுநாள் வண்டி இருமியது. அதனால் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். நீயும் ஸ்பேனரைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டுப் போய்விட்டாய். நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இப்போது தெரிந்தாக வேண்டும். இக்னிஷன் கோளாறில் உன்னைப் போல யோசிக்கத் தெரிந்த ஒருத்தனை நான் பார்த்ததில்லை. இதை உன் முகத்துக்கு நேரே சொன்னதே இல்லை. காகிதத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது.

உன் மச்சான்


பிப்ரவரி 9

மச்சானுக்கு,

கிழிக்கவில்லை. ஆனால் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடிதம் இரண்டு நாள் நான் வேலை பார்க்கும் பம்ப் ஷெட்டில் என் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் கிடந்தது. இப்போது எழுதுவதும் வாத்தியாரம்மாவுக்காகத்தான், உங்களுக்காக இல்லை.

மாற்றிய சாமான்களின் பெயரை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி எப்போது இருமுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. "திடீரென்று" என்பதெல்லாம் எனக்குப் பதில் ஆகாது. சூடான பிறகா, கிளம்பியதுமா? ஏற்றமா, சமதளமா? ஓட்டுவது யார்? முக்கியமாக ஒன்று: அந்த இருமலை நீங்கள் உங்கள் காதால் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வால்வு இடைவெளி ஒரு முடி அளவு கூடியிருந்தால், வண்டி தெருமுனை திரும்பும்போதே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிடுவீர்கள். நானே பத்து தடவை அளந்து பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் நீங்கள் சொன்னது பொய்யானதில்லை. கோபத்தில் இருந்தாலும் இதை மறுக்க எனக்கு மனசு வராது. அப்பேர்ப்பட்ட காதுக்கு இரண்டு வருஷமாக ஒரு இருமல் சிக்கவில்லை என்றால், அந்தக் காது பக்கத்தில் இருக்கும்போது வண்டி இருமவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் பட்டறையில் ஆக்ஸிலேட்டரை உதறி உதறித்தான் கேட்பீர்கள். வெளியே எடுத்தால் நேராகத் தண்ணீர்த்தொட்டி ஏற்றத்துக்கு விட்டு, அடிப்பலகை தொடும் வரைக்கும் மிதிப்பீர்கள். ஏற்றத்தில்தான் எஞ்சின் உண்மை பேசும் என்பது உங்கள் கட்சி. வாத்தியாரம்மா அப்படியா ஓட்டுகிறார்?

ஒன்றையும் மாற்றாதீர்கள். ஒரு பிளக்கைக்கூடத் தொடாதீர்கள். அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஓட்டுவதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. என்ன கேட்டதோ அதை மட்டும் எழுதுங்கள்.

அக்காவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். நீங்கள்தான் கேட்பதில்லையாம்.


பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தில் மரியாதை கொஞ்சம் குறைச்சல், மூளை நிறைய. முழங்காலைக் கேட்டேன். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டதற்கு உன் அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன். வாத்தியாரம்மா ஓட்டுகிற லட்சணம்தான் வண்டி இருமக் காரணம் என்று டிங்கரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். உன் கையைச் சொன்னேன், நீ போன பிறகு அவர் காலைச் சொன்னேன். நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடேயப்பா, என்ன ஓட்டு! கியர் மாற்றுவது காதுக்கே தெரியவில்லை. நாற்பதில் முள் நின்றால் நாற்பதில்தான் நிற்கிறது. முன்னால் மாடு வருவதற்கு முன்பே கால் தானாக எடுபடுகிறது. முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் நான், என் ஓட்டை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வாய்க்கால் ஓரத்து நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பள்ளம் மேடு இல்லை, காற்றுகூட இல்லை. கால் லேசாக வைத்தது வைத்தபடி இருக்கிறது. இருமியது. நாலு சிலிண்டரும் சேர்ந்து ஒரு நொடி செத்துப் பிழைத்தன. நான் பதறிப்போய், நன்றாக மிதியுங்கள் என்றேன். மிதித்தார். உடனே இருமல் நின்றுவிட்டது, வண்டி பூப்போல இழுத்தது. காலை லேசாக்கினார், மறுபடி இருமல். பிறகு தண்ணீர்த்தொட்டி ஏற்றத்தில் ஏறினோம். ஒரு சத்தம் இல்லை.

இறங்கும்போது அவர் கைப்பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்தார். கணக்கு வாத்தியார் இல்லையா. ஊரின் ரோடுகளை எல்லாம் பென்சிலில் வரைந்து, வண்டி இருமிய இடத்தில் எல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் அறுபத்தொரு குறி. எல்லாம் சமதளத்தில். ஏற்றத்தில் ஒன்றுகூட இல்லை. இதை ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றார், கோபமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்து உன்னையும் அவரையும் நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி. கேட்டால்தான் சொல்வீர்கள், கேட்கிற மனுஷன்தான் இங்கே இல்லை.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. கை சும்மா இருக்கவில்லை, காயிலை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு இன்று முழுக்க இருமவில்லை.

உன் மச்சான்


பிப்ரவரி 18

மச்சானுக்கு,

ஒன்றையும் தொடாதீர்கள் என்று எழுதினேன். காயிலை மாற்றியிருக்கிறீர்கள். இன்று முழுக்க இருமவில்லை என்று வேறு எழுதுகிறீர்கள். அன்று யார் ஓட்டினார்கள்? நீங்கள்தானே? எங்கே? தண்ணீர்த்தொட்டி ஏற்றத்தில்தானே? பழைய காயிலை எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டு மேலே படியுங்கள். பட்டறையில் இருந்த எட்டு வருஷமும் இதற்காகத்தான் உங்களோடு மல்லுக்கு நின்றேன். ஒரு நேரத்தில் ஒன்று. அதுவும் காரணம் தெரிந்த பிறகு. உங்கள் கைக்கு இருக்கும் வேகத்தில் பாதி எனக்கு இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன், ஆனால் அந்த வேகம்தான் உங்களை ஏமாற்றுகிறது.

வாத்தியாரம்மாவின் நோட்டைப் பற்றிப் படித்ததும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். அறுபத்தொரு குறி! அதைப் பார்த்த பிறகு நாம் இரண்டு பேரும் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வது அதிகம். விடை அந்த நோட்டிலேயே இருக்கிறது.

காயிலோ பிளக்கோ வலு குறைந்திருந்தால் ஏற்றத்தில், மிதிக்கும்போதுதான் முதலில் இருமும். இது நேர்மாறாக இருக்கிறது. லேசான காலில் நிதானமாகப் போகும்போதுதான் எஞ்சின் காற்றைப் பலமாக உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஒரு சின்னக் குழாய் வழியாக பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் சவ்வை இழுக்கும். சவ்வு, பொறிக்காகக் கரண்டை வெட்டி ஒட்டும் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும். மிதித்தால் உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆகவே தட்டு திரும்பும்போது உள்ளே ஏதோ ஒன்று விட்டுப்போகிறது, திரும்பி வந்ததும் ஒட்டிக்கொள்கிறது. நின்ற வண்டியில் எத்தனை தடவை சோதித்தாலும் எல்லாம் சரி என்றுதான் காட்டும்.

மூடியைக் கழற்றுங்கள். தட்டு திரும்பினாலும் பாயின்ட் திறக்காத இடமாகப் பார்த்து எஞ்சினைத் திருப்பி நிறுத்துங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பாட்டரியிலிருந்து சோதனை பல்பு வழியாகக் கரண்ட் கொடுங்கள். எரியும். இப்போது அந்த உறிஞ்சு குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சுங்கள். சிரிக்காதீர்கள். பல்பைப் பாருங்கள்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அது ஒன்றும் இல்லை, விடுங்கள். பல்பு என்ன செய்தது என்று மட்டும் எழுதினால் போதும். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.


பிப்ரவரி 28

மாப்பிள்ளைக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. வாத்தியாரம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளை மறுநாள் காலையில் கிளம்புகிறார், உன் ஊர் வழியாகத்தான் ரோடு.

நீ சொன்னபடியே செய்தேன். ஐம்பத்து நாலு வயசில் எஞ்சின் மேல் குப்புறக் கவிழ்ந்து, பாட்டில் பால் குடிக்கும் பிள்ளை மாதிரி ரப்பர் குழாயைச் சப்பிக்கொண்டிருந்தேன். டிங்கர் விழுந்து விழுந்து சிரித்தான். உறிஞ்சினேன், பல்பு அணைந்தது. விட்டேன், எரிந்தது. உறிஞ்சினேன், அணைந்தது. டிங்கரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழெட்டு தடவை அப்படியே செய்துகொண்டிருந்தேன், நம்ப முடியாமல். இருநூறு மைலுக்கு அப்பால், வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ஒரு பம்ப் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு நீ அந்த பல்பை அணைத்துவிட்டாய். என் வீட்டுக்காரி தம்பி என்று அப்போதே யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உள்ளே என்ன பார்த்தேன் என்று எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

தட்டில் இருக்கும் பாயின்ட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் அந்தக் குட்டி வயர். விரல் நீளம்தான். மெல்லிய இழைகள் நூறு சேர்ந்து, துணி சுற்றி, நூல் மாதிரி வளைகிற வயராக அது இருக்க வேண்டும். அங்கே இருந்தது தடித்த ஒற்றைச் செம்புக் கம்பி, வீட்டுச் சுவரில் ஓடுகிற கம்பி. அதை அங்கே போட்டது நான்தான். நீ பாயின்ட் வைப்பதற்கு மூன்று வருஷம் முன்னால் பழைய வயர் நைந்துபோயிருந்தது. இனி ஜன்மத்துக்கும் அறாத மாதிரி போடுகிறேன் பார் என்று கெட்டியான கம்பியாகத் தேடி எடுத்துப் போட்டேன். தட்டு திரும்பத் திரும்ப, அது வளைந்து வளைந்து, மேல் உறைக்குள்ளேயே துண்டாகியிருக்கிறது. உறை மட்டும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் மூடியை எத்தனை தடவை திறந்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பியைப் பார்த்து, அந்தக் காலத்திலேயே என்ன அழகாக ஈயம் வைத்திருக்கிறேன் என்று ரசித்துவிட்டு மூடியிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் உன் கடிதத்தை எடுத்து, நீ அடித்திருந்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அந்த ஒற்றைக் கம்பியை முதலில் பாருங்கள்' என்று இருந்தது. எழுதும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. நானாகக் கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டுப் போகட்டும் என்று அடித்துவிட்டாய். நான் உன்னை நாலு பேர் முன்னால் சொன்னேன். நீ என்னை ஒரு காகிதத்தில்கூடச் சொல்லவில்லை.

புது வயர் போட்டேன், நூல் மாதிரி வளைகிற வயர். வாத்தியாரம்மாவை வரச் சொன்னேன். டிங்கரையும் கூப்பிட்டேன். அன்று உன்னைச் சொன்ன அதே இடத்தில் நின்று, அறுந்த கம்பியைக் கையில் வைத்துக் காட்டி, "இது நான் போட்டது. அவன் கை சுத்தம். கெடுத்தது என் கைதான்" என்று சொன்னேன். டிங்கர் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியாரம்மா கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தம்பிக்குச் சொல்லிட்டீங்களா என்று மட்டும் கேட்டார்.

மூன்று நாளாக வாய்க்கால் ரோட்டில்தான் ஓட்டினோம், அவர் காலால், நாற்பதில். ஒரு குறிகூடப் புதிதாக விழவில்லை.

நீ திரும்பி வந்து வேலை செய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தப்பு செய்துவிட்டேன் மாப்பிள்ளை. மன்னித்துவிடு.

உன் மச்சான்


மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்றுப் பதினோரு மணிக்கு வாத்தியாரம்மா வந்தார். ஷெட்டில் நாலு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வண்டி வாசலில் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. வண்டியும் அவ்வளவு சத்தமில்லாமல் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெரிய பம்ப்புக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். அழுதேன். இங்கே டீசல் புகையில் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கும், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதே இடத்தில் நின்று சொன்னீர்களாமே. அவரும் சொன்னார். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லையாம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, மச்சான். அதனால்தான் இதுவரை உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அன்று பாயின்ட் வைத்தபோது நான் அந்தக் கம்பியைப் பார்த்தேன். திரும்புகிற தட்டில் ஒற்றைக் கம்பி இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேறு யார் போட்டிருந்தாலும் அந்த நிமிஷமே வெட்டி எறிந்திருப்பேன். ஆனால் ஈயம் ஒரு சொட்டு மாதிரி அப்படி அழகாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததுமே உங்கள் கை என்று தெரிந்துவிட்டது. மச்சான் போட்டது, அதில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று நினைத்தேன். பாயின்ட்டை மாட்டுவதற்காக அதைக் கழற்றி, வளைத்து, ஒதுக்கி, திரும்ப மாட்டினேன். அறுந்ததே அந்த வளைப்பில்தானோ என்னவோ. ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் திட்டியபோது எனக்கு வந்த கோபத்தில் இதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. உங்கள் பதினான்காம் தேதிக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தது. வந்ததும் எழுதினேன், எழுதியதும் அடித்தேன். உங்களைக் காப்பாற்ற அடித்தேன் என்று நினைக்கிறீர்கள். பாதி அதுதான். மீதிப் பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

கம்பி உங்களுடையது. அதைப் பார்த்தும் சோதிக்காமல் மூடியது என் கை. அன்றைக்கு என் கையைச் சொன்னீர்களே, அதில் பாதி உண்மை. இனி எல்லோர் முன்னாலும் முழுப் பழியையும் தூக்கிச் சுமக்காதீர்கள். டிங்கரிடம் நானே சொல்கிறேன்.

வாத்தியாரம்மா கிளம்புவதற்கு முன், ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். நீங்கள் போட்ட புது வயரை இழுத்துப் பார்த்தேன். தட்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். குழாயை வாயில் வைத்து உறிஞ்சியும் பார்த்தேன், அவர் எதிரிலேயே. பத்து வருஷமாக உங்களைத் தெரியும், மச்சான். உங்கள் காதை அளந்து பார்த்திருக்கிறேன், உங்கள் கைவேலையை நான் சோதித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எங்கேயும் ஒரு குறை இல்லை.

சனிக்கிழமை காலை வருகிறேன். ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் இருப்பதா வேண்டாமா என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம், அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உங்கள் மாப்பிள்ளை